வால் இன்னும் முடியவில்லை

என் கணவர் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காற்றைப் பற்றித்தான் பேசுவார். மற்ற ஆண்கள் எஞ்சின், மைலேஜ், டயர் என்று போவார்கள். இவர், "காத்து எங்க வந்து மோதுது, எப்படி வழுக்கிட்டுப் போவுது, எங்க விட்டுப் பிரியுது" என்பார். கல்யாணமான புதிதில் இது என்ன பேச்சு என்றே எனக்கு விளங்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து விளங்கிவிட்டதா என்றால் அதுவும் இல்லை.

அவருக்குப் பெங்களூரில் ஒரு விமானத் தொழிற்சாலையில் வேலை. விமானத்தின் மூக்கு, வயிறு, வால் என்று ஒவ்வொரு பாகத்தையும் பெரிய தாளில் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன். எனக்கு ஏற்காட்டில் பள்ளிக்கூட வேலை, கணக்கு டீச்சர். வீடு மாரமங்கலம் போகிற வழியில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. மாமனார் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தபோது கட்டிய வீடு. அவர் காலமான பிறகு அங்கே மாமியாரும் நானும்தான். என் கணவர் எப்போதாவது ஒரு சனிக்கிழமை வருவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவோம், மதியம் கறிச்சோறு சாப்பிடுவார், சாயங்கால பஸ்ஸில் மலை இறங்கிவிடுவார். இதைக் குடும்பம் நடத்துவது என்று சொல்வதா, விருந்தாளி வந்து போவது என்று சொல்வதா என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

எண்பதுகளின் நடுவில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. நீண்ட லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். மாமியார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கண்ணில் மஞ்சள் குறைந்தது, முகம் தெளிந்தது, பசி எடுக்க ஆரம்பித்தது. எனக்கு உள்ளுக்குள் பயம் வந்தது. குணமாகிவிட்டால் கிளம்பிவிடுவாரே! புருஷனுக்கு உடம்பு தேறுவதைப் பார்த்துப் பயந்த மனைவி இந்த மலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரண்டாவது தடவை சோறு கேட்டார் என்றால் எனக்குச் சந்தோஷமும் வரும், அவர் பெட்டி எங்கே இருக்கிறது என்று கண் தேடவும் செய்யும்.

அந்த நாட்களில்தான் ஒரு சாயங்காலம் பஸ் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. பாதி வழி நடந்தேன், மீதி வழி மிளகு மூட்டை ஏற்றிய ஒரு ஜீப்பில் மூட்டையோடு மூட்டையாக வந்தேன். புடவை முழங்கால் வரைக்கும் சேறு. வாசலில் நின்றுகொண்டு அவர், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். வந்ததே எனக்குக் கோபம்.

"ஏனுங்க, என்னைய என்னன்னு நெனச்சீங்க? காலைல பஸ் வருமா வருமான்னு நிக்கறது, பொழுது சாஞ்சா வருமா வருமான்னு நிக்கறது. பஸ்ஸ நம்பாம ஒரு நாளாச்சும் நானா போயிட்டு நானா வர முடியுதுங்களா?"

நான் சொல்ல வந்தது அது இல்லை. என்னையும் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் நீங்கள் இங்கேயே இருந்துவிடுங்கள் என்பதுதான் சொல்ல வந்தது. அது தொண்டை வரைக்கும் ஏறி, வாயில் பஸ்ஸாக வெளியே வந்துவிட்டது. அவர் உள்ளே போய்த் துண்டை எடுத்துவந்து கொடுத்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சாப்பாட்டு மேஜை முழுக்க ஒரு பெரிய தாள் விரிந்து கிடந்தது. நீளமாக, முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் மெலிந்துகொண்டே போய், கடைசியில் மேலே மீன் முதுகில் இருப்பது போல ஒரு துடுப்பு எழும்பி நிற்கிற ஏதோ ஒன்று.

"விமானமுங்களா?" என்றேன்.

"கார்."

"கார்னா இந்த வால் எதுக்குங்க?"

"காத்து பிச்சிக்கிட்டுப் போகாம ஒட்டிக்கிட்டே வந்து, கடைசில அலுங்காம விட்டுப் பிரியோணும். அதுக்குத்தான் வால். அந்தக் காலத்துல ரேஸ் கார் வரையற வேலைய விமானம் வரையறவங்ககிட்ட குடுத்திருந்தா எப்படி இருந்திருக்கும்? யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாயங்காலக் காப்பியை எங்கே வைப்பது என்றுதான் தோன்றியது.

அதற்குப் பிறகு நாளுக்கொரு கார் பிறந்தது. ஒன்று கெளுத்தி மீன் மாதிரி மூக்கு அகலமாக இருந்தது. ஒன்றில் ஓட்டுகிறவர் தலைக்கு மேல் கண்ணாடிக் குமிழ். ஒன்றுக்குச் சக்கரமே வெளியே தெரியவில்லை. எந்த ஊரிலும் ஓடாத, எந்தப் பந்தயத்திலும் நிற்காத கார்கள். அத்தனையையும் கூடத்துச் சுவரில் ஒட்டி வைத்தார். மாமியார் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"காமாலை தலைக்கு ஏறிருச்சா கண்ணு?"

"அப்படியெல்லாம் ஏறாதுங்க அத்தே."

"நொம்ப அமைதியா வேற இருக்கறான். எனக்குப் பயமா இருக்குது."

எனக்கும் பயம்தான், ஆனால் வேறு பயம். அவர் வரைந்த கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு சீட்தான் இருந்தது.

எங்கள் மலையில் அப்படி ஒரு வண்டியே கிடையாது. சக்கரம் இருந்தால் அதில் எல்லோரும் போகலாம், அவ்வளவுதான் சட்டம். ரோட்டோரம் சுமையோடு நிற்கிறவர் கையைக் காட்டினால் வண்டி நிற்க வேண்டும். உள்ளே இடம் இல்லையென்றால் பின்னால் தொங்கலாம், மேலே உட்காரலாம், பக்கத்துப் படியில் நிற்கலாம். நிற்காமல் போனவன் பெயர் மாரமங்கலத்திலிருந்து தலைச்சோலை வரைக்கும் நாறிவிடும். ஆள் மட்டும் இல்லை, பலாப்பழம், கோழி, ஆரஞ்சுக் கூடை எல்லாவற்றுக்கும் அதே சட்டம்தான்.

அப்படிப்பட்ட ஊரில் இவர் படத்தோடு நிறுத்தவில்லை. எஸ்டேட் ஷெட்டில் வெள்ளைக்காரத் துரை காலத்துக் கார் ஒன்று கிடந்தது. பெட்டி மாதிரி உடம்பு, கம்பி வைத்த சக்கரம், முன்னால் முட்டைக்கண் போல இரண்டு விளக்கு, ஏறுவதற்கு நீளப் படி. சீட்டில் கோழி முட்டை போட்டுக்கொண்டிருந்தது. முதலாளியிடம் கேட்டதும், இடம் காலியானால் சரி என்று கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தபோது அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் கூடிவிட்டது. கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள், ஹாரன் பந்தை அமுக்கிப் பார்த்தார்கள். மாமியார்கூட முந்தானையால் விளக்கைத் துடைத்துவிட்டு, "ராசா மாதிரி இருக்குது" என்றார்.

அடுத்த வாரம் ராசாவின் உடம்பை என் கணவர் தனியாகக் கழற்றி எடுத்துவிட்டார். கதவு, படி, கூரை, பின் சீட் எல்லாம் ஒரு பக்கம் குவிந்தன. எஞ்சினும் சக்கரமும் அடிச்சட்டமும் மட்டும் மிஞ்சின. மிளகு ஜீப் ஓட்டுகிற டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"ஏனுங்க சார், ஆறு பேரு போற வண்டிய ஒத்தை ஆளு வண்டியாக்கறீங்களே, இதென்னங்க கணக்கு? டீச்சரம்மா, நீங்க கணக்குத்தானே சொல்லித் தரீங்க, நீங்களாச்சும் சொல்லுங்க."

"என்னோட கணக்குல இது வரலீங்க," என்றேன். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பார்க்கிறவர்கள் எல்லாம் அவரிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான், வேலைக்கு எப்போது திரும்புகிறார் என்று. அவர் சொல்கிற பதிலும் ஒன்றுதான்: "இது முடியட்டும், போறேன்." ஆக, கார் முடிகிற நாள் அவர் போகிற நாள். காரில் ஒரு சீட். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? அவர் போவதற்குத்தான் செய்கிறார் என்று முடிவு கட்டினேன். பஸ் பிடித்துப் போகிறவரை நிறுத்தவே என்னால் முடியவில்லை. ரேஸ் காரில் போகிறவரை எங்கே நிறுத்துவது?

ஆனாலும் கூடமாட உதவி செய்தேன். எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்து உயிர் கொடுத்தார், நான் துணி எடுத்துக் கொடுத்தேன். சில்வர் ஓக் மரத்தை அறுத்து விலா எலும்பு மாதிரி வளைவுகள் செய்தார், நான் பிடித்துக்கொண்டேன். காப்பிச் சாக்கில் மணல் நிரப்பி, அதன் மேல் அலுமினியத் தகட்டை வைத்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டிக் குழித்தார், நான் தகட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதும் அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை. அது முடியவே கூடாது என்றும் இருந்தது, சீக்கிரம் முடிந்து தொலைந்தால் இந்தப் பயமாவது தீரும் என்றும் இருந்தது.

நடுநடுவே, "கொஞ்சம் உக்காரு" என்பார். சட்டத்தின் மேல் ஒரு சாக்கு மூட்டையைப் போட்டு உட்காரச் சொல்வார். தையற்காரர் டேப்பை வைத்து முழங்காலை அளப்பார், கையை நீட்டச் சொல்வார், பாதம் எங்கே படுகிறது என்று பலகையில் சாக்பீஸால் கோடு போடுவார். அவரே உட்கார்ந்துகொண்டு அவரே அளக்க முடியாதே, அதற்காக என்னைப் பொம்மையாக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். தன்னை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்குப் பெண்டாட்டியையே அளவுப் பொம்மையாக்குகிற ஆளை என்னவென்று திட்டுவது? திட்டாமல் உட்கார்ந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை கார் முடிந்தது. சாம்பல் வெள்ளையாக, வெயிலில் கண் கூசியது. மூக்கு உருண்டையாக முன்னால் நீண்டிருந்தது. உடம்பு வழவழவென்று பின்னால் ஒடுங்கிப் போய், கடைசியில் அந்த வாலும் அதன் மேல் துடுப்பும். அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் வந்து மூக்கில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். மாமியார் கொஞ்சம் முகத்தைச் சுளித்துவிட்டு, தன் பங்குக்கு வால் பக்கம் போய்ச் சிலுவை போட்டு ஜெபம் செய்தார்.

வண்டியை ஸ்டார்ட் செய்து காட்ட என் கணவர் ஏறி உட்காரப் போனார். இடுப்பு இறங்கியது, கால் இறங்கவில்லை. முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் வெளியே நின்றது. அவர் நெட்டையான ஆள். கூட்டம் சிரித்தது. அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. இறங்கி, என்னைப் பார்த்து, "நீ உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். கால் நேராகப் பெடலில் போய் நின்றது. கை ஸ்டீயரிங்கில் சரியாகப் படிந்தது. முதுகு அளவெடுத்துத் தைத்த ரவிக்கையில் அடங்குவது போல அடங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இது எனக்குங்களா?"

"பின்னே? பஸ்ஸ நம்பாம நீயா போயிட்டு நீயா வரோணும்னு சொன்னயே."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு மழைநாளில் கத்திய கத்தலைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் தட்டித் தட்டி எனக்கு ஒரு கார் செய்திருக்கிறார். எந்த ஊர் டீச்சர் ரேஸ் காரில் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்? அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. சீட்டுக்குப் பக்கத்தில் வெறும் தகடு. கேட்டுவிட்டேன்.

"அப்ப நீங்க எங்க உக்காருவீங்க?"

"நான் எதுக்கு? நான்தான் போயிருவேனே. நீ தனியா கஷ்டப்படக் கூடாதுன்னுதான்."

அவரே மேலும் சொன்னார்: "நான் வரைஞ்ச மூக்கு எத்தனையோ மேல போயிருக்குது. ஒண்ணுல கூட நான் ஏறுனதில்ல. நாங்க கீழ நின்னு அண்ணாந்து பாப்போம். அதுவே நொம்ப நல்லா இருக்கும்."

"நான் என்ன விமானமுங்களா, நீங்க தள்ளி நின்னு பாக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டு இறங்கி வீட்டுக்குள் போய்விட்டேன். அவருக்கு எதற்குக் கோபித்துக்கொள்கிறேன் என்றே தெரியவில்லை. நல்லது செய்துவிட்டுத் திட்டு வாங்குகிற ஆள் எப்படி விழிப்பாரோ அப்படி விழித்துக்கொண்டு வாசலில் நின்றார். கோபம் யார் மேல் என்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை. அவருக்காகச் செய்திருந்தால் விட்டுவிட்டுப் போகிறார் என்று அர்த்தம். எனக்காகச் செய்தாலும் அதே அர்த்தம்தான் வந்து நிற்கிறது. எந்தப் பக்கம் போட்டாலும் ஒரே விடை வருகிற கணக்கை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

காரில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க இடம் இல்லாததால், மிளகு ஜீப் டிரைவர் தன் ஜீப்பிலேயே எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். என் கணவர் அதற்காக லீவைக் கொஞ்சம் நீட்டினார். லைசென்ஸும் எடுத்தேன். அப்புறம் அவர் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். ஞாயிற்றுக்கிழமை பஸ் என்று முடிவாயிற்று.

அதற்கு முந்தின நாள் ஏற்காடு கடைவீதிக்குத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனேன். போகும்போது ரோடே என்னுடையதாக இருந்தது. காற்று வழுக்கிக்கொண்டுதான் போனது. திரும்பும்போது வழியில் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் மூன்று பேர் மூட்டையோடு நின்றுகொண்டு கையைக் காட்டினார்கள். நான் நிறுத்தினேன். நிறுத்தாமல் எப்படிப் போவது?

"இடமில்லீங்களே," என்றேன்.

"பொறகால இவ்வளவு இடம் கெடக்குதுங்களே டீச்சரம்மா," என்று சொல்லி, மூட்டையைத் தூக்கி வாலின் மேல் வைத்து, துடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே சில்வர் ஓக் முறிகிற சத்தம் கேட்டது. தகடு 'டொம்' என்று அமுங்கியது. மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

வாசலில் நின்றிருந்த என் கணவர் காரை அல்ல, வாலைத்தான் பார்த்தார். பெண்கள் இறங்கி, "நொம்ப நல்ல வண்டிங்க சார், சொகமா இருந்துது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அமுங்கிய இடத்தில் கையை வைத்துத் தடவினார். ஏதாவது சொல்வார், கத்துவார் என்று காத்திருந்தேன்.

"காத்து இங்கயே பிச்சிக்குமே," என்றார். பிறகு, "வால சரி பண்ணிட்டுத்தான் போக முடியும்" என்றார்.

பெட்டி திரும்பவும் பரணுக்குப் போயிற்று.

வால் சரியாக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சரியான மறுவாரமே காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் கையைக் காட்டினார்கள். நான் நிறுத்தினேன். திரும்ப மரச்சுத்தியல், திரும்ப மணல் மூட்டை. அடுத்த தடவை ஒரு கல்யாணக் கூட்டம். அதற்கடுத்த தடவை பலாப்பழம். இதையெல்லாம் நான் வேண்டுமென்றே செய்தேனா? ஊர் வழக்கத்தை மீற முடியாமல் செய்தேன் என்றும் சொல்லலாம். கை காட்டாதவர்கள் முன்னாலும் இரண்டொரு தடவை நிறுத்தி, "வரீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

இதற்கிடையில் ஒருநாள் சாப்பிடும்போது, "அங்க வேலை போயிருச்சு" என்றார், ரசம் கேட்கிற அதே குரலில். லீவு முடிந்தும் போகாதவரை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள்? மலையில் ஜீப்பும், காப்பிப் பழம் உரிக்கிற மிஷினும் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தார். அப்போதும் யாராவது கேட்டால், "வால் முடியட்டும், போறேன்" என்பார். எங்கே போவார்? வேலைதான் இல்லையே. ஆனால் எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே நெஞ்சு பக்கென்றது. மாமியார் இறந்து, பரணிலிருந்த பெட்டியில் எலி குடும்பம் நடத்தி, அதைத் தூக்கி எறிந்த பிறகும் பக்கென்றது.

தொண்ணூறுகளின் கடைசியில் எஞ்சின் நின்றுவிட்டது. எவ்வளவோ பார்த்தும் உயிர் வரவில்லை. காரை வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தள்ளி வைத்தோம். நான் பழையபடி பஸ்ஸுக்கு நின்றேன். இனிமேல் யாரும் கை காட்டப் போவதில்லை, யாரும் ஏறப் போவதில்லை. அவருக்கு வேலை வசதியாகப் போயிற்று. அவசரமில்லாமல் தட்டினார், இழைத்தார், ஈரச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்.

ஒரு விடுமுறை நாள் மதியம். துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கொட்டகையிலிருந்து வந்துகொண்டிருந்த தட்டுகிற சத்தம் நின்றுபோயிருப்பது அப்போதுதான் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். அவர் இல்லை, கை கழுவப் போயிருந்தார். வால் முடிந்திருந்தது. முதல் நாள் இருந்ததைவிட அழகாக, ஒரு சுருக்கம் இல்லாமல், என் முகம் தெரிகிற மாதிரி.

இனிப் போய்விடுவார் என்று பட்டது எனக்கு. பைத்தியக்காரத்தனம்தான். ஓடாத கார், இல்லாத வேலை, எலி தின்ற பெட்டி. எங்கேயும் போக மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், கையிலிருந்த ஈரப் புடவையை அப்படியே கீழே போட்டுவிட்டு, துடுப்பைப் பிடித்து ஏறி, அந்த வாலின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் எனக்கும் உடம்பு போட்டிருந்தது. 'டொம்' என்றது.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். என்னைப் பார்த்தார், வாலைப் பார்த்தார். நான் இறங்கவில்லை.

குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வளைவை நோட்டம் பார்த்தார். அப்புறம் மூலையில் வைத்திருந்த மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காரு. நடுவால சரியா அமுங்கல."